அப்பா குடிப்பதில்லை, ஆனாலும் ஈரலில் கொழுப்பு

போன மாதம் ரண்டர்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. வழமைபோல மேசை நிறைய றோல்ஸ், வடை, கொத்துரொட்டி. அப்பா ஒன்றையும் தொடவில்லை. "ஏன் அண்ணை, சாப்பிடேல்லையோ?" என்று ஒரு மாமா கேட்டார். "வயிறு கொஞ்சம் சரியில்லை" என்றார் அப்பா. அது பொய். அதற்கு முதல் கிழமைதான், ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று டொக்டர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

காரில் வரும்போது கேட்டேன், "ஏனப்பா உண்மையைச் சொல்லேல்லை?"

"ஈரலிலை வருத்தம் எண்டா, குடிகாரன் எண்டெல்லோ கதைப்பினம்."

என் அப்பா ஒரு பியர்கூடக் குடித்ததில்லை.

கொழுப்பைவிட இந்த வெட்கம்தான் ஆபத்து என்று நான் நினைக்கிறேன். சீனி வருத்தம், பெருத்த வயிறு, அசைவில்லாத வாழ்க்கை இவையே போதும், ஈரலில் கொழுப்புப் படிய. 2007இல் களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் இலங்கையின் றாகமையில் 35 முதல் 64 வயது வரையானவர்களை ஸ்கான் செய்து பார்த்தார்கள். அளவுக்கு மீறிக் குடிப்பவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது.

"கொழுப்புத்தானே, என்ன செய்யும்?" என்று விடவும் முடியாது. அமெரிக்காவின் முன்னாள் படையினருக்கென 130 மருத்துவ நிலையங்கள் வைத்திருந்த பதிவுகளை ஆராய்ந்து, 2018இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. குடியால் வராத ஈரல் கொழுப்பு உள்ள ஏறத்தாழ 3 லட்சம் பேரை, அது இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல். பயப்பட வேண்டாம்: அப்படியிருந்தும் வருடத்துக்குப் பத்தாயிரம் பேரில் இரண்டு பேருக்குத்தான் வந்தது. ஈரல் தழும்பேறிச் சுருங்கியவர்களுக்கே ஆபத்து மிக அதிகம். அந்த நிலைக்குப் போகுமுன் கண்டுபிடிப்பதுதான் முக்கியம். ஆனால் ஈரல் நோகாது, சத்தம் போடாது. நாங்களும் வாய் திறக்காவிட்டால் யார் கண்டுபிடிப்பது?

2023இல் உலக ஈரல் மருத்துவ அமைப்புகள் இந்த நோயின் பெயரையே மாற்றின. பழைய பெயரில் 'மது' என்ற சொல் இருந்தது நோயாளிகளைக் கூசவைத்ததும் அதற்கு ஒரு காரணம். மருத்துவர்களே மாறிவிட்டார்கள். எங்கள் விழா மண்டபங்கள் இன்னும் மாறவில்லை.

இங்கே பிறந்த எங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேல் டென்மார்க்கில் இருப்பவர்கள் வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் காசு கட்டவேண்டும் என்று 2018இல் சட்டம் வந்தது. அதனால் எத்தனையோ அம்மா அப்பாமார் பாதி விளங்கித் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். ஒருநாள் லீவு எடுத்துக் கூடப் போங்கள். வயது, இரண்டு ஈரல் இரத்தப் பரிசோதனைகள், இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்து 'ஃபிப்-4' என்று ஒரு கணக்குப் போடலாம். தழும்பு இருக்கக்கூடுமா என்று அது காட்டும். அதைக் கேளுங்கள். எங்கள் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 தாண்டினாலே கவனம் வேண்டும். உடல் நிறையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும்.

இப்போது பின்னேரங்களில் நானும் அப்பாவும் குடெனோ ஆற்றங்கரையில் நடக்கிறோம். இதை எழுதட்டோ என்று அவரிடம் கேட்டேன்.

"எழுது. ஆனா நான் குடிக்கிறேல்லை எண்டதை வடிவா எழுது."

எழுதிவிட்டேன் அப்பா. குடிப்பவருக்கு வந்தாலும் மறைக்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்து.