மூன்று யுவான் வரலாறு

பெய்ஜிங் போய்வந்த சக ஊழியர் எங்கள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் எழுதினார்: "மூணு யுவான் டிக்கெட். தியனன்மென் கிழக்கு ஸ்டேஷன்ல இறங்குனா கிட்டத்துலயே அரண்மனை. நம்மாளுங்க எப்பப்பா திருந்துவாங்க?" நம் பயணக் கட்டுரைகளிலும் இதே பெருமூச்சுதான். மெட்ரோ நம்மை வரலாற்றிடம் கூட்டிப்போகிறதாம். போகிறதுதான். எதைத் தோண்டிய குழியில் அது ஓடுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

பெய்ஜிங்கின் இரண்டாம் தடம் ஒரு வளையம். மிங் காலத்து நகர மதில் நின்ற கோட்டை ஒட்டியே அது சுற்றுகிறது. 1965-இல் சுரங்க ரயில் வேலை தொடங்கியபோது மதிலை இடித்து அந்த வழியிலேயே தோண்டினார்கள். வீடுகளைக் காலி செய்வதைவிட அது சுலபம். மதிலின் மேல் மக்களுக்குப் பூங்கா அமைக்கலாம் என்று கட்டடக்கலை அறிஞர் லியாங் சிச்செங் 1950-லேயே மன்றாடிப் பார்த்தார். எடுபடவில்லை. இன்று அந்த வளையத்தின் 18 நிலையங்களில் 11-இன் பெயர் 'மென்' என்று முடிகிறது. மென் என்றால் வாசல். சாவ்யாங்மென்னில் இறங்கி வாசலைத் தேடினால் கார்கள்தான் போய்க்கொண்டிருக்கும். சியென்மென்னில் மட்டும் பழைய கோபுரம் நிற்கிறது.

நான் நெய்வேலிக்காரன், தோண்டுவது எனக்குப் புதிதில்லை. அந்தக் கரண்ட்டில் படித்துத்தான் இன்ஜினியர் ஆனேன், சுரங்கமே வேண்டாம் என்று பேச எனக்கு வாயில்லை. ஆனால் "எந்த எடம்பா?" என்று யாராவது கேட்டால் "பதினாறாவது வட்டம்" என்றுதான் சொல்லி வளர்ந்தோம். டவுன்ஷிப் முழுக்க எண்கள். பஸ்ஸில் போகும்போது மண்மேட்டைக் காட்டி ஆயா சொல்லும்: "அங்கதான்டா நம்ம ஐயனாரு இருந்தாரு." அந்த ஊர்ப் பெயரை நான் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. இப்போது ஆயா இல்லை.

சீனாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமென்றால் இதைக் கற்றுக்கொள்ளலாம்: இடித்தவர்கள் பெயரையாவது விட்டுவைத்தார்கள். தினமும் வேலைக்குப் போகிறவன் காதில் அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. சுரங்கத்துக்குள் போன ஊர்களின் பெயரை ஒவ்வொரு வட்டத்தின் பஸ் ஸ்டாப்பிலும் எழுதி வைக்க எத்தனை கோடி ஆகும்? பெயின்ட் செலவுதான். மெட்ரோவே வேண்டாம், டவுன் பஸ் போதும்.

எங்களுக்கும் ஒரு 'மென்' உண்டு, ஆர்ச் கேட். கும்பகோணம் பஸ்ஸில் கண்டக்டர் அந்தப் பெயரைத்தான் கத்துவார். அங்கே இறங்கி, உள்ளே முன்பு என்னென்ன ஊர் இருந்தது என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.