கருவியின் எண் யாருக்கு உரியது?

“உங்கள் பெயரை நாங்கள் கேட்பதில்லை, கைப்பேசியின் எண்ணை மட்டுமே குறித்துக்கொள்கிறோம்” என்று செயலி செய்வோர் கூறும் சமாதானத்தை நம்மவர் பலர் ஏற்றுக்கொள்கின்றனர். ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். நாம் பரிந்துரைக்கும் பயிற்சிச் செயலிகளையே மாணவர்கள் பெற்றோரின் கைப்பேசியில் ஏற்றுகின்றனர். ஆகவே, அச்சமாதானம் மெய்தானா என ஆராயும் கடமை முதற்கண் நமக்கே உண்டு.

மெய்யன்று என்பதே என் வாதம். ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்கங்கள் கொண்ட ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. தொழிற்சாலையிலேயே பதிக்கப்படும் அது, உடையவர் விரும்பியபோது மாற்றிக்கொள்ளத்தக்கதன்று. தனித்து நின்றால் வெறும் எண். ஒருமுறை பெயரோடு சேர்ந்துவிட்டாலோ, அவ்வெண் காணப்படும் இடமெல்லாம் அப்பெயரும் வெளிப்படும். இது கற்பனையா? இந்நாட்டின் 4 கோடியே 62 இலட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்த செய்தி 2017 அக்டோபரில் அம்பலமாயிற்று. அன்றைய மக்கள்தொகையோ ஏறத்தாழ 3 கோடியே 20 இலட்சந்தான்! பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவற்றோடு ஐ.எம்.இ.ஐ. எண்ணும் அதில் இருந்தது. சிம்பாங் அம்பாட்டில் நம் அண்டை வீட்டார் எத்தனை பேர் அப்பட்டியலில் உள்ளனரோ! ஒரு செயலி “பெயரின்றி” சேர்த்த எண்ணை அதனோடு ஒப்பிட்டால் பெயர் தானே கிடைத்துவிடும். கசிந்த கடவுச்சொல்லை மாற்றலாம். கசிந்தது கருவியின் எண்ணாயின் கருவியையே அன்றோ மாற்ற வேண்டும்?

இதன் தீங்கை உணர்ந்தே நிறுவனங்கள் கதவைச் சிறிது சிறிதாக அடைத்தன. தன் கருவிகளின் நிலையான அடையாள எண்ணைப் படிக்கும் புதிய செயலிகளை 2013 மே முதல் ஆப்பிள் ஏற்க மறுத்தது. 2019-இல் வந்த ஆண்டிராய்டு 10, சாதாரணச் செயலிகள் ஐ.எம்.இ.ஐ. எண்ணைப் படிப்பதைத் தடுத்தது. ஆயினும் சன்னல் வழியே நுழைவோர் உளர். திரையின் அளவு, எழுத்துரு, நேர வலயம், மொழி முதலியவற்றைத் திரட்டி, அச்சேர்க்கையையே கைரேகைபோல் கொள்கின்றனர். அனைவரும் ஆங்கிலத்தில் வைத்திருக்கும் ஊரில் தன் கைப்பேசியைத் தமிழில் அமைத்துக்கொண்டவனைப் பிரித்தறிவது எவ்வளவு எளிது! தாய்மொழிப் பற்றும் ஓர் அங்க அடையாளமாகிவிடுகிறது.

“கருவியை அறியாமல் மோசடியை எங்ஙனம் தடுப்பது?” என்பர். வங்கிக்கு அத்தேவை இருக்கலாம். வாய்பாடு கற்பிக்கும் செயலிக்கு என்ன மோசடி அச்சம்? முதன்முறை இயங்கும்போது செயலியே ஓர் எண்ணை உருவாக்கிக்கொள்ளட்டும். செயலியை நீக்கும்போது அதுவும் அழியட்டும். மாணவன் விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் தொடர அதுவே போதும்.

சட்டம் காக்கும் என வாளாவிருத்தலும் தகாது. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே உரியது. கூட்டரசையும் மாநில அரசுகளையும் அது கட்டுப்படுத்தாது. எனவே, பள்ளிக்குச் செயலியோடு வருபவர் யாராயினும், அது எந்த எண்ணை எடுக்கிறது, யாருக்குத் தருகிறது, செயலியை நீக்கியபின் அவ்வெண் எங்கே கிடக்கும் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராதவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.