காங்கேசன்துறைக்கு ஒரு நாட் பயணம்

விடுமுறையில் எங்கே செல்லலாம் என வினவும் மாணவச் செல்வங்காள்! குடும்பத்தாருடன் காங்கேசன்துறைக்குப் புகைவண்டி ஏறுங்கள். 1990 இல் போரினால் நின்ற வண்டி, 2015 சனவரியிலேயே மீண்டும் இத்துறையை எட்டியது.

மாவிட்டபுரம் கந்தனைத் தொழுது, கீரிமலைக் கேணியில் நீராடுங்கள். உப்புக் கடலின் அருகே நன்னீர் ஊறுவது எங்ஙனம்? சுண்ணக்கற் பிளவுகளில் இறங்கிய மழைநீரே நிலத்தடியால் வந்து கரையிற் சுரக்கின்றது.

நீராடிய பசிக்கு ஒடியற் கூழ் ஏற்றது. கோயில் சென்ற நாளாதலின் மச்சம் விலக்கி, பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் இட்டுக் காய்ச்சுவித்து, பிளாவில் வார்த்துச் சுற்றமாயிருந்து பருகுங்கள்.

ஆடியமாவாசையில் மறைந்த தந்தையரை நினைந்து இங்கு நீராடுவோர் பலர். இவ்வூரவரிற் பலர் 1990 இல் இடம்பெயர்ந்து, கால் நூற்றாண்டின் பின்னரே தம் மண்ணை மிதித்தனர். வழியிற் பாழ்மனை கண்டால் வேடிக்கை பாராதீர். அதுவும் ஒருவர் பிறந்த வீடு.