மச்சானும் குட்டி ஹிட்டாச்சியும் கருவேலமுள்ளும்

ரெண்டு வாரமா எங்க குடும்பத்துல ஒரே பஞ்சாயத்து. எம். புதுப்பட்டியில இருக்கிற மாமா பையன், எனக்கு மச்சான் முறை, ராத்திரி பத்து மணிக்கு மேல வீடியோவா அனுப்பித் தள்ளுறார். எல்லாம் ஒரே மாதிரி வீடியோதான். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு மினி எக்ஸ்கவேட்டர் நிக்குது. பக்கெட் இருக்கவேண்டிய இடத்துல சுழல்ற கத்தி மாட்டின ஒரு இரும்புத் தலை. கையை அப்படியே புதர் மேல வெச்சு அழுத்துறான், ஆள் உயரப் புதர் அரை நிமிஷத்துல தூள். கீழே மச்சானோட ஒரு வரி: "மாப்ளே, இது நம்ம ஊருக்கு வந்தா எப்புடி இருக்கும்?"

(மினி எக்ஸ்கவேட்டர்னா நம்ம பாஷையில குட்டி ஹிட்டாச்சி. எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் ஊர்ல அது ஹிட்டாச்சிதான். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பக்கெட் இருந்தா ஜேசிபி. இதுக்கு மேல வகைப்பாடு கிடையாது.)

மச்சான்கிட்ட ஏற்கனவே மூணு டன் குட்டி ஹிட்டாச்சி ஒண்ணு இருக்கு. பைப் லைன் பள்ளம், செப்டிக் டேங்க் குழின்னு ஓடிட்டு இருக்கு. இப்போ அந்தப் புதர் வெட்டுற தலையை வாங்கணும், அதுக்கு அக்காவோட நகையை அடகு வைக்கணும். "நீ இஞ்சினியர்தானே, பாத்துச் சொல்லு"ன்னு என் தலையில கட்டிட்டாங்க. நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ்னு சொன்னா யாரு கேக்குறா? சரின்னு ரெண்டு வாரம் அந்தத் தலைகளோட கையேடுகளை எல்லாம் படிச்சேன். படிச்ச பாவத்துக்கு இந்தப் பதிவு.

முதல்ல நம்ம ஊர்ல வெட்டவேண்டியது என்னன்னு பார்ப்போம். வேற என்ன, சீமைக்கருவேலம்தான். விருதுநகர் மாவட்டத்துல கண்மாய், ஓடை, தரிசு எதை எடுத்தாலும் அதுதான் நிக்குது. இதைக் காமராஜர் கொண்டுவந்தார்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு. எங்க மாவட்டத்துக்காரர்ங்கிறதால சொல்லலை, அது 1877 வாக்கிலேயே ஜமைக்காவிலிருந்து விதை வந்து கடப்பை பக்கம் நட்டாச்சு. காமராஜர் பிறந்ததே 1903. பாவம், அவரை விட்டுடுங்க.

இந்த மரத்தை ஒழிக்கணும்னு 2017-ல மதுரைக் கிளை போட்ட உத்தரவு ஞாபகம் இருக்கும். அரியலூர்ல ஜாமீன் கேட்டு வந்தவங்களை 100 கருவேல மரம் வெட்டிட்டு வான்னு சொன்னதும் அதே வருஷம்தான். அப்புறம் அதே வருஷம் சென்னையில இடைக்காலத் தடையும் வந்துச்சு. அந்தச் சில மாசம் ஊர்ப்பட்ட ஜேசிபி கண்மாய்க்குள்ள இறங்கினதை நானே பார்த்தேன். லீவுக்குப் போனப்போ "கண்மாய் சுத்தமாயிருச்சு"ன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. ரெண்டு மழைக்கு அப்புறம் போனா முன்னைவிட அடர்த்தியா நிக்குது. ஏன்னா பாதி இடத்துல மேலோட வெட்டிட்டு விட்டுட்டாங்க. கருவேலம் தூர்ல இருந்து துளுக்குற சாதி. தரைக்கு மேல எத்தனை தடவை வெட்டினாலும் ஒரு கம்பு நின்ன இடத்துல அஞ்சாறு கம்பு கிளம்பும். அதைச் சாகடிக்கணும்னா மண்ணுக்குள்ள போய் தூரையே எடுக்கணும்.

இப்போ மச்சானோட வீடியோவுக்கு வாங்க. அந்தத் தலை என்ன பண்ணுது? தரைக்கு மேலதான் வெட்டுது. அதாவது லட்சக்கணக்குல செலவு பண்ணி, நகையை அடகு வெச்சு, கருவேலத்துக்கு நாமே கவாத்து பண்ணி விடுறோம் :-) தரிசை விளைநிலமா மாத்தணும்னு கூப்பிடுற விவசாயிக்கு இது பைசா பிரயோஜனம் இல்லை. அவருக்கு வேண்டியது பழைய பக்கெட்டுதான். தோண்டித் தூரோட புடுங்கிப் போடணும். மூணு டன் வண்டிக்கு வர்ற தலை பெரும்பாலும் ரெண்டு மூணு அங்குலக் கட்டை வரைக்கும்தான் தாங்கும். நம்ம கண்மாய்க்குள்ள தொடை மொத்தத்துக்கு நிக்குது.

இதைவிட முக்கியமான ஒண்ணு. வீடியோவுல இருக்கிற ஊர்ல அந்தப் புதர் குப்பை. தூளாக்கிப் போட்டாத்தான் அவனுக்குக் காசு. நம்ம ஊர்ல முள்ளு காசு. கண்மாய்க் கருவேலத்தை ஏலம் விடுறாங்க. எடுத்தவர் வெட்டி விறகாக்குவார், மூட்டம் போட்டுக் கரியாக்குவார். நரிக்குடி, திருச்சுழி பக்கம் அதை நம்பி எத்தனை குடும்பம் இருக்குன்னு பஸ்ல போனாலே தெரியும், ரோட்டோரம் புகை வரும். தனியார் தரிசா இருந்தாக்கூட, விறகை எடுத்துக்கிறேன்னு சொல்லி காசு வாங்காமலே வெட்டித் தர ஆள் வருது. அந்த விறகைத் தூளாக்கிட்டு அதுக்கு மணிக்கணக்குல வாடகையும் கேட்டா யாரு மச்சான் குடுப்பா? இதைக் கேட்டதும் போன்ல அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் சொன்னார்: "பட்டாசு ஆபீஸ்காரங்க குடுப்பாங்கடா."

இங்கதான் எனக்குப் பகீர்னுச்சு. யோசிச்சா மச்சான் சொல்றதுல நியாயம் இருக்கு. பட்டாசு ஆலைக்குள்ள அறைக்கும் அறைக்கும் நடுவுல இடைவெளி விட்டுத்தான் கட்டணும். அந்தக் காலி இடத்துல காய்ஞ்ச புல்லும் புதரும் இல்லாம வெச்சுக்கணும்கிறது லைசன்ஸ் நிபந்தனை. ஒவ்வொரு தீபாவளி சீசனுக்கு முன்னாடியும், ஆய்வுக்கு ஆபீசர் வர்றதுக்கு முன்னாடியும் புல்லு வெட்ட ஆள் தேடி அலையுறாங்க. ஆள் கிடைக்கிறதில்லை. மெஷின் வருதுன்னா கண்ணை மூடிட்டுக் கூப்பிடுவாங்க. உண்மைதான்.

ஆனா அந்தத் தலை எப்படி வேலை செய்யுதுன்னு யோசிங்க. கனமான எஃகுக் கத்தி அசுர வேகத்துல சுத்துது. நம்ம மண்ணுல கல்லு இருக்கு. எஃகு கல்லுல பட்டா தீப்பொறி. மருந்து கலக்குற அறையில இரும்புச் சாமானே கூடாதுன்னு பித்தளையும் மரமுமா வெச்சு வேலை பார்க்கிற தொழில் இது. நிலையான மின்சாரம் வரக்கூடாதுன்னு ரப்பர் விரிப்புல நின்னு வேலை பார்க்கிறாங்க. அந்தச் சுவருக்கு வெளியே நாம தீப்பொறி மெஷினை ஓட்டப்போறோமா? இன்னொண்ணு, வெட்டின தூள் வண்டியோட சைலன்சர் பக்கம், இஞ்சின் பக்கம் போய் அடையும். சூட்டுல அதுவே பத்திக்கும். வெளிநாட்டுல இந்த வண்டிகளுக்கு அது சாதாரணமா வர்ற பிரச்சினை, அதனாலதான் அப்பப்ப நிறுத்தித் துடைக்கச் சொல்லிக் கையேட்டுல எழுதுறான்.

அதுகூடப் பரவாயில்லை. வேலிக்கு வெளியே இருக்கிற முள்ளுக்குள்ள என்ன கிடக்குன்னு யாருக்குத் தெரியும்? கழிவு மருந்தைக் கொட்டியிருக்கலாம். லைசன்ஸ் இல்லாம முள்ளுக்காட்டுக்குள்ள தகரக் கொட்டகை போட்டு வெடி செய்றவங்களைப் பிடிச்சதா பேப்பர்ல அடிக்கடி வருது. போலீஸ் வருதுன்னு பாதி செஞ்ச சரக்கைப் புதர்ல வீசிட்டு ஓடியிருந்தா? அரிவாளோட போற ஆளு முள்ளை விலக்கிப் பார்த்துட்டு வெட்டுவான். இந்தத் தலை பார்க்காது. மேல இருந்து அப்படியே அழுத்தி அரைக்கும்.

2023 அக்டோபர்ல ரெங்கபாளையத்துல என்ன நடந்துச்சுன்னு மச்சானுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. புதுப்பட்டிக்குப் பக்கத்து ஊர். அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவர் அவர். அதை ஞாபகப்படுத்தினேன். "சரிடா, சரிடா"ன்னு போனை வெச்சுட்டார்.

அப்போ இந்தத் தலையே வேண்டாமான்னு கேட்டா, அப்படியும் சொல்ல மாட்டேன். ஒரு இடம் இருக்கு. கண்மாய்க்கரை.

கரையில நிக்கிற முள்ளைத் தூரோட புடுங்கக்கூடாது. புடுங்கின குழியை நல்லா இடிச்சு மூடலைன்னா தண்ணி அது வழியா கசிஞ்சு கரையையே அறுத்துரும். (மூடுறதெல்லாம் பில்லுல மட்டும்தான் நடக்கும்.) கரையில கன்னு சின்னதா இருக்கும்போதே வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்டிட்டே இருந்தா அது மரமாகாது. இதுக்குக் குட்டி ஹிட்டாச்சி அம்சமான வண்டி. அகலம் அஞ்சடிதான், கரை மேலயே ஓட்டிட்டுப் போகலாம். மேல நின்னுக்கிட்டே கையை நீட்டிச் சரிவை வெட்டலாம். டிராக்டர்ல மாட்டுற கத்தியால இது முடியாது, சரிவுல இறங்கினா டிராக்டர் கவுந்துரும். ரப்பர் டிராக்கா இருக்கிறதால முள்ளு குத்தி பஞ்சர்ங்கிற பேச்சும் இல்லை, ஜேசிபிக்காரங்க இதுக்காகப் படுற பாடு தனிக்கதை. ஆனா சாய்வா வெட்டுப்பட்டு நிக்கிற குத்துக்கட்டை மேல ஏத்தினா ரப்பர் கிழியும், வெட்டின இடத்துல வண்டியை ஏத்தக்கூடாது. வாய்க்கால் ஓரம், ரோட்டோரம் இதே கதைதான். அங்க நிக்கிறது விறகுக்கு ஆகாத விரல் மொத்தக் கன்னு. யாரும் அதுக்குச் சண்டைக்கு வரமாட்டாங்க.

அதுக்கும் வாங்குறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்க்கச் சொன்னேன். ஒண்ணு, எண்ணெய். மச்சான் வண்டியில பாறை உடைக்கிற பிரேக்கருக்கான லைன் இருக்கு, அது போதும்னு விக்கிறவர் சொல்லியிருக்கார். பிரேக்கர் விட்டு விட்டு அடிக்கும். இந்த மோட்டார் மணிக்கணக்கா நிக்காம சுத்தும். இந்த சைஸ் வண்டியோட லைன்ல நிமிஷத்துக்கு 50, 60 லிட்டர் எண்ணெய் வரும். தலைக்கு எவ்வளவு வேணும்னு எழுத்துல வாங்கணும். மோட்டார்ல கசியுற எண்ணெய் நேரா டேங்குக்குத் திரும்ப மூணாவதா ஒரு சின்ன ஹோஸ் கேக்குதான்னு பார்க்கணும். அது கேக்குற மோட்டாருக்கு அந்த ஹோஸ் இல்லாம ஓட்டினா சீல் பிச்சுக்கும். எண்ணெய் வேற நம்ம ஊர் மே மாச வெயில்ல கொதிக்கும்.

ரெண்டாவது, கண்ணாடி. மச்சான் வண்டியில கூரை மட்டும்தான், முன்னாடி திறந்த வெளி. கல்லு பறந்து வந்தா நேரா நெஞ்சுக்குத்தான். தடுப்பு போடாம ஸ்டார்ட் பண்ணக்கூடாது. மூணாவது, ஆளுங்க. பல கையேடுகள்ல சுத்தி 300 அடிக்கு ஒருத்தர் நிக்கக்கூடாதுன்னு இருக்கு. நம்ம ஊர்ல ஜேசிபி தோண்டினாலே திருவிழாக் கூட்டம் கூடும் (2019-ல அதை வெச்சு நாடே சிரிச்சுச்சே). ஆட்டுக்காரர், பள்ளிக்கூடப் பசங்க, ரிட்டயர்டு பெருசுங்க எல்லாரையும் 300 அடிக்கு யாரு விரட்டுறது? வண்டி ஓட்டத் தெரிஞ்ச ஒரு ஆளோட விசில் ஊத ஒரு ஆளையும் சேர்த்துத்தான் சம்பளம் கணக்குப் போடணும்.

நம்ம பதிவர்கள்ல யாராவது கொங்கு பக்கமோ டெல்டாவிலோ இந்தத் தலையை மாட்டி ஓட்டிப் பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எண்ணெய்ச் சூடு எப்படி, கத்தி எத்தனை நாளைக்கு வருது, இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும்.

நேத்து ராத்திரியும் வீடியோ வந்துச்சு. இந்தத் தடவை ஏதோ ஒரு நாட்டுல ஆத்தங்கரைச் சரிவை வெட்டிட்டு இருக்கான், கூண்டு போட்ட வண்டி, சுத்தி ஒரு ஈ காக்கா இல்லை. கீழே வரி எதுவும் எழுதலை. காலையில அக்காகிட்ட பேசினேன். நகை பீரோவிலதான் இருக்காம்.