குழந்தைகள் ஓடியாட இடம் எங்கே?

2020 டிசம்பரில் டில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, பிரதமர் நமது உத்திரமேரூர்க் கல்வெட்டைப் புகழ்ந்து பேசினார். பெருமைக்குரிய கல்வெட்டுதான், மறுப்பாரில்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டிய சாசனங்கள் அவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். ஓலையில் பேரெழுதிக் குடத்திலிட்டு ஆள் எடுத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்ட வாரியத்துக்கு 12 பேர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணில் தோட்டத்தைக் கவனிக்கத் தனி வாரியம் இருந்தது!

ஆனால் அந்த வாரியத்தில் உட்கார்ந்தவர் யார்? கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; வேதம் கற்றிருக்க வேண்டும். இதுதான் விதி. சேற்றில் இறங்கி நாற்று நட்டவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

இன்று ஓட்டு எல்லோருக்கும் உண்டு. இடம் உண்டா? அறுவடை முடிந்த வயலும் வற்றிய ஏரியும்தான் கூலிக்காரன் பிள்ளைகளுக்கு மைதானம். மழை பெய்தால் அதுவும் போச்சு!

ஆலைத் தொழிலாளியின் கதை என்ன? ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலைகள் வந்தன. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான கட்டிடங்கள் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. நல்லதுதான். ஆனால் படுக்கை வேறு, குடும்பம் வேறு. கல்யாணம் முடித்து, கைக்குழந்தையோடு நிற்கிற தொழிலாளி எங்கே போவாள்? பள்ளிக்கூடமும் பூங்காவும் உள்ள தெரு அவளுக்கு வேண்டாமா?

"இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்பார்கள் சிலர். சிங்கப்பூரைப் பாருங்கள். சின்னஞ்சிறு தீவு. 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி தீப்பிடித்து, சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே வீடமைப்புக் கழகம் அமைந்திருந்தது. சர்க்கார் நிலத்தைக் கையகப்படுத்தியது. அடுக்கு வீடுகளோடு பள்ளி, கடைத்தெரு, விளையாட்டுத் திடல் எல்லாவற்றையும் சேர்த்தே திட்டமிட்டது. இன்று அங்குள்ள குடிமக்களில் முக்கால் பங்குக்கு மேல் அந்த வீடுகளில்தான் வசிக்கிறார்கள். நிலம் மனை வியாபாரியின் பிடியில் இல்லாததால் இது முடிந்தது.

ஆயினும் அந்தக் கட்டிடங்களுக்குச் செங்கல் சுமப்பவர்களில் நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் மனைவி மக்களை அங்கே அழைத்துச் செல்ல முடியாது. கொட்டடி போன்ற விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்குகிறார்கள். 2020ல் கொரோனா அந்த விடுதிகளில்தான் காட்டுத்தீயாய்ப் பரவியது. பூங்கா கட்டியவனுக்குப் பூங்கா இல்லை!

தோழர்களே, நாம் கேட்பது பிச்சையல்ல, சட்டத்தில் எழுதியிருப்பதைத்தான். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி வேண்டுமென்கிறது 2009ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டத்தின் விதி. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப்பத்திரம் எழுதி ஊராட்சிக்கு விட வேண்டுமென்கிறது தமிழ்நாட்டுக் கட்டிட விதி. விளைநிலத்தில் கல் நட்டு, விளம்பரப் பலகையில் பூங்கா படம் போட்டு விற்கிறார்களே, அந்தப் பத்து சதவீதம் எங்கே? முள்வேலிக்குள்ளா? எவருடைய அனுபவத்தில் இருக்கிறது?

இதைக் கேட்க இடம் உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. வேலைக்குப் போகும் பெண்களும் ஆண்களும் சேர்ந்து போங்கள். தானப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். நிலத்தை அளக்கச் சொல்லுங்கள். காலனிக்கும் ஊருக்கும் பொதுவான இடத்தில் திடல் வேண்டுமென்று தீர்மானம் போடுங்கள். பதிவேட்டில் ஏறும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அன்று குடத்தில் நம் ஓலை இல்லை. இன்று சபையில் நம் குரல் இருக்கிறது. பிள்ளைகளுக்காக அதை எழுப்புவோம்!