மண் சாலையில் ஒரு மிதிவண்டி



தார்ச் சாலை வந்துவிட்டால் ஊர் முன்னேறிவிட்டது என்று மகிழ்கிறோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயினும், வீதியெங்கும் தார் கண்ட செல்வ நாடுகளில், பல இலட்ச ரூபாய் கொடுத்து மிதிவண்டி வாங்கி, தார் போடாத சாலைகளைத் தேடி அலைவோர் கூட்டம் ஆண்டுதோறும் பெருகி வருகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், எம்போரியா என்னும் சிறு நகரில், 2006ஆம் ஆண்டு மிகச் சிலரோடு தொடங்கியது ஒரு சரளைச் சாலைப் பந்தயம். தூரம் 200 மைல். இன்று அதற்கு உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். 2022ஆம் ஆண்டு இத்தாலியில் இதற்கென உலக வாகையர் போட்டியே முதன்முறையாக நடத்தப்பெற்றது. 'கிராவல் சைக்கிள்' என்பது இந்த வண்டியின் பெயர். நாம் வீட்டு அடித்தளத்தில் கொட்டி நிரப்புகிறோமே, அந்தக் கிராவல்தான்!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சமமான சாலை வேண்டுமென்று முதன்முதலில் குரல் எழுப்பியவர்கள் கார் வைத்திருந்தவர்கள் அல்லர், மிதிவண்டிக்காரர்களே. 1885இல் இன்றைய வடிவில் மிதிவண்டி வந்தது. கரடுமுரடான தரையில் தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காதிருக்க, 1887-88இல் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயரைச் செய்தார். அக்காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இயங்கிய மிதிவண்டிச் சங்கங்கள்தாம் நல்ல சாலைக்காக அரசுகளிடம் மன்றாடின. சாலை வந்தது, பின்னாலேயே காரும் லாரியும் வந்தன, மிதிவண்டி ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் விபத்தில் மாண்டோர் 1,68,491 பேர். தான் கேட்டுப் பெற்ற சாலையில் தனக்கே இடமில்லாமற்போன மிதிவண்டி, இன்று மீண்டும் மண் சாலைக்குத் திரும்புகிறது.

அவர்கள் விமானம் ஏறித் தேடும் அந்தச் சாலை நம் வாசலிலிருந்தே தொடங்குகிறது என்பதைச் சொல்லவே இம்மாதம் இப்பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆரணியை எண்ணிப் பாருங்கள். பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பெயர் பெற்ற ஊர். நெசவாளர் நாள் முழுதும் தறிக்குழியில் காலை விட்டு அமர்ந்திருக்கிறார். காலும் கையும் ஓயாது அசைந்தாலும் உடல் ஓரிடத்திலேயே இருக்கிறது. முதுகும் கண்ணும் தேய்கின்றன. ஊர் எல்லையைத் தாண்டினாலோ நாற்புறமும் ஏரிகள், கலங்கல்கள், கரும்பும் நெல்லும் விளையும் வயல்கள், அவற்றை இணைக்கும் மாட்டுவண்டிப் பாதைகள். தமிழகத்தில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. இவற்றின் கரைகள் நீரைத் தேக்குவதோடு, மனிதர் நடக்கவும் வழி தருகின்றன.

மேற்கே சென்றால் சுமார் 25 கிலோமீட்டரில் படவேடு. சம்புவராய மன்னர்களின் தலைநகராய் விளங்கி, இன்று வாழைத் தோட்டங்களுக்கிடையே அடங்கியிருக்கும் ஊர். அப்பால் ஜவ்வாது மலை. ஆரணிக்கு வரும் கமண்டல நாகநதியின் பிறப்பிடம். அந்நதியின் குறுக்கே கட்டப்பட்ட செண்பகத்தோப்பு அணையும் அங்கேதான். மலையடிவாரக் காப்புக் காடுகளுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையலாகாது; ஓரத்துக் கிராமப் பாதைகளே போதுமானவை. தென்மேற்கே போளூர்ப் பக்கம் திருமலையில், பாறையில் செதுக்கிய 16 அடி உயர நேமிநாதர் சிலையும் பழஞ்சமணக் குகைகளும் உள்ளன. ஆரணிக்கு அருகே பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார்களின் மாளிகை இடிந்து நிற்கிறது. அதிகாரம் எத்தனை நாள் நிற்கும் என்பதைச் சொல்ல அதைவிட வேறு ஆசான் வேண்டா.

கிழக்கே செய்யாற்றைக் கடந்து காஞ்சி நோக்கிச் சென்றால் மாமண்டூர். மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரைகளும், 'சித்திரமேகத் தடாகம்' என்று கல்வெட்டில் குறிக்கப்பட்ட பேரேரியும் அங்கு உண்டு. தென்கிழக்கே திரும்பினால் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை வென்று தென்னிந்தியாவின் விதியை மாற்றிய களம் அது. ஆனால் நம் இல்லங்களில் வந்தவாசி என்றதும் நினைவுக்கு வருவது போரா, பாயா? கோரைப் பாய் நெய்யும் நம் சமுதாயக் குடும்பங்களின் உழைப்பல்லவா!

கால் வலுவுள்ள இளைஞர்கள் இரண்டு நாட்கள் ஒதுக்கினால், வந்தவாசிக்கும் அப்பால் மரக்காணம் கடற்கரை வரை செல்லலாம். ஆரணியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். வயல் மண் மெல்ல மெல்ல மணலாக மாறுவதைச் சக்கரமே சொல்லும். உப்பளங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியும் அங்கே காத்திருக்கின்றன. சற்று வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் டூப்ளேயின் கைக்கு வந்து, பத்தே ஆண்டுகளில் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்ட கோட்டை.

இதற்கு இலட்ச ரூபாய் வண்டி வேண்டுமோ என்று அஞ்ச வேண்டா. கிராவல் சைக்கிளின் சிறப்பு அதன் அகன்ற டயரில் இருக்கிறது. பெரும்பாலும் 35 முதல் 50 மில்லிமீட்டர் அகலம். பால்காரர் ஓட்டும் 28 அங்குலப் பழைய வண்டியின் டயர் அகலமும் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர்! மண் சாலைக்கென்றே உருவான வண்டி அது. புதிய வண்டியில் மேடேற உதவும் கியரும், உறுதியான டிஸ்க் பிரேக்கும் கூடுதல். அவை இல்லாதவர் மேட்டில் இறங்கித் தள்ளட்டும். அதில் இழிவு ஏதுமில்லை.

சில குறிப்புகளை மட்டும் மனத்திற்கொள்ளுங்கள். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் குலுக்கல் குறையும், பிடிப்பு கூடும். சீமைக் கருவேல முள் எங்கும் கிடக்கும். ஆதலால் பஞ்சர் ஒட்டும் ரப்பரும் சொல்யூஷனும் கைப்பம்பும் இன்றிப் புறப்படாதீர்கள். மழைக்காலத்தில் களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும்; மார்கழிக்குப் பிந்திய வாரங்களே ஏற்றவை. சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வீடு திரும்பலாம். தண்ணீர் தாராளமாக இருக்கட்டும். களத்தில் காயும் நெல்லின்மீதும், பயிரிட்ட வரப்பின்மீதும் சக்கரம் ஏற்றாதீர்கள். ஆடு மேய்ப்பவரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து வழி கேளுங்கள். வரைபடம் சொல்லாததை அவர் சொல்வார்.

இன்னொரு செய்தியும் உண்டு. கிராமப் புல வரைபடங்களில் வண்டிப் பாதைகள் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் பல எல்லாருக்கும் பொதுவானவை. ஆனால் நடமாட்டம் ஓய்ந்த பாதையை முட்செடி மூடும்; பின்னர் பக்கத்து வேலி சற்றே நகரும்; ஒரு தலைமுறைக்குள் பாதை காகிதத்தில் மட்டுமே எஞ்சும். மிதிவண்டி ஓடும் பாதையோ உயிரோடு இருக்கும்.

பெற்றோர்களே, இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றனர். நம் சமுதாயப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது நடுவே கம்பியுள்ள ஆண்கள் வண்டியையே வாங்கினர்; பிள்ளையை முன்னும் தண்ணீர்க் குடத்தைப் பின்னும் வைத்து ஓட்டினர். பேருந்துக்கும், கணவரின் ஓய்வுக்கும் காத்திருந்த நிலை மாறியது. 2001இல் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தால், அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் நம் பெண்மக்கள் கையிலும் வண்டி வந்தது.

அந்த வண்டி இப்போது எங்கே? படிப்பு முடிந்தவுடன் கொல்லைப்புறச் சுவரில் சாய்ந்து, துணி உலர்த்தும் கொடியாக மாறிவிட்டதா? மகனின் வண்டிக்கு மட்டும் ஆண்டுதோறும் எண்ணெய் விடுகிறோமா? பதினேழு வயதில் பள்ளிக்கு ஓட்டிச் சென்றவள் இருபது வயதில் ஏரிக்கரையில் ஓட்டினால் என்ன குறைந்துவிடும்? தகப்பன் உடன் செல்லட்டும். அண்ணனும் தங்கையும் சேர்ந்து செல்லட்டும். தாயும் கற்றுக்கொள்ள விரும்பினால் வயதைச் சொல்லித் தடுக்காதீர்கள்.

வரும் விடுமுறை நாளில் கொல்லையில் கிடக்கும் வண்டியை வெளியே எடுங்கள். துருவைத் துடைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விடுங்கள். குடும்பமாகப் பத்துக் கிலோமீட்டர் சென்று திரும்புங்கள். அடுத்த வாரம் எந்தப் பக்கம் போகலாம் என்று உங்கள் மகளைக் கேளுங்கள். அவள் சொல்லும் பாதையில் செல்லுங்கள்.