ஆக்கிரமிப்பாளர் யார்?

சென்னையில் கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஏழை மக்களை, 2015-ம் வருஷத்து வெள்ளத்திற்குப் பின் ஆயிரக்கணக்கான குடும்பங்களாகப் பெயர்த்து, 20, 25 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெரும்பாக்கம் முதலிய இடங்களில் கொண்டுபோய்ச் சேர்த்த விஷயத்தை வாசகர்கள் அறிவார்கள். சத்துவாச்சாரியில் உள்ள நமக்கு அதனால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அங்கே கூவத்துக்காரனிடம் பேசிய பாஷையை நாளை இங்கே பாலாற்றங்கரைக்காரனிடமும் பேசுவார்கள் என்பதே நமது பதில்.

அந்தப் பாஷையைக் கவனியுங்கள். ஏழை குடிசை போட்டால் அவன் "ஆக்கிரமிப்பாளன்." அவனைத் துரத்துவது "மறுகுடியமர்வு." துரத்திய பிறகு அவன் "பயனாளி." ஓட்டுக் கேட்கும்போது மாத்திரம் அவன் "வாக்காளப் பெருமகன்." ஒரே மனிதனுக்கு இத்தனை பட்டம்! அவனுடைய சம்மதத்தைக் கேட்டவர் யார்?

பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண் நிறுத்திப் பறக்கும் ரயில் விட்டார்களே, அடையாற்றின் மேலேயே விமான ஓடுபாதையை நீட்டினார்களே, அவற்றுக்கு என்ன பெயர்? "வளர்ச்சி"யாம்! அப்படியானால் ஆக்கிரமிப்பு என்பது நிலத்தைப் பொறுத்ததா, ஆளைப் பொறுத்ததா என்று கேட்கிறோம்.

"வெள்ளத்திலிருந்து உங்களைக் காப்பாற்றுகிறோம்" என்பது அடுத்த புரட்டு. பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்ந்த பூமி. 2015-ல் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. அந்த வெள்ளத்தை "இயற்கையின் சீற்றம்" என்றார்கள். 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையோ, அது மனிதர் உண்டாக்கிய கேடு என்றது. புரோகிதன் "தலைவிதி" என்றதை உத்தியோகஸ்தர் "இயற்கை" என்கிறார். இரண்டிலும் குற்றவாளி தப்பித்துக் கொள்கிறான்.

ஆற்றைக் கெடுத்தவன் கரையிலுள்ள ஏழையே என்றும் சொல்லுகிறார்கள். நம் பாலாற்றைக் கெடுத்தவர் யார்? டேனரிகளின் கழிவுநீரல்லவா? 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு டேனரி ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டு, சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்துகொள்ளத் தவணையும் கொடுத்தது. முதலாளிக்குத் தவணை, ஏழைக்கு லாரி!

நிற்க, 1970-ல் ஏற்பட்ட குடிசை மாற்று வாரியம், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்பதையே தன் வாசகமாக வைத்துக்கொண்டது. நமக்கு இறைவன் வேண்டியதில்லை. ஏழையின் வாயிலிருந்து சிரிப்பு வருவதற்கு முன் பேச்சு வரட்டும் என்கிறோம். ஆரம்பத்தில் அந்த வாரியம் குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்ததுண்டு. பின்னர் அது மாறிற்று. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்து மந்திரியான சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய கூவக்கரைக் குடியிருப்பையே, 2019 டிசம்பரில், பிள்ளைகளின் படிப்பு வருஷம் பாதியில் இருக்கும்போது இடித்தார்கள். கிராமத்தில் ஊருக்கு வெளியே சேரி வைத்தார்கள். பட்டணத்திலும் அதையே அடுக்குமாடியாகக் கட்டி வைத்தார்கள். இதுதானா சமத்துவம்?

ஆகவே தோழர்களே! ஒலிபெருக்கியை நம்பாதீர்கள், காகிதம் கேளுங்கள். எங்கே, எப்போது, பிள்ளைக்குப் பள்ளி எது, வேலைக்குப் போகப் பஸ் எது, வீட்டுப் பத்திரம் யார் பேரில் என்பதையெல்லாம் தமிழில் எழுதி, கையெழுத்திட்டு, முன்கூட்டியே கொடுக்கச் சொல்லுங்கள். கலெக்டர் ஆபீஸ் சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது. தனியாகப் போனால் மனு. கூட்டமாகப் போனால் கேள்வி. கூட்டமாகவே போங்கள்.